துபாயிலிருந்து வந்த மூன்று போன்கள்

என் தங்கை மகன் பாண்டிராஜைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் என்னைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும். பெருமைக்காக இல்லை என்று சொன்னால் பொய். பெருமைக்கும்தான்.

மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டு, ஒன்பது வயதில் திருத்தங்கல் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டப் போனவன் இந்தச் சங்கிலிமுத்து. இருபதில் பட்டாசுக்கு மாறினேன். வெடிமருந்து கலந்தேன், திரி வைத்தேன், போர்மேன் ஆனேன். நாற்பத்தோரு வயதில் வெம்பக்கோட்டை ரோட்டில் கருவேல முள் மண்டிக் கிடந்த ஆறு ஏக்கரைத் திருத்தி, சொந்த லைசென்சில் இருபத்திரண்டு அறையோடு பட்டாசுக் கம்பெனி கட்டினேன். காலையில் மூன்று வேன் நிறைய ஆள் வந்து இறங்கும். என் பெயரைச் சொன்னால் பஸ் கண்டக்டர் கேட்காமலே சரியான இடத்தில் இறக்கிவிடுவார். பயம் என்றால் கறுப்பா சிவப்பா என்று தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அறுபத்திரண்டாம் வயதில், இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், அது எந்த நிறம் என்று எனக்குத் தெரிந்தது.

பாண்டிராஜ் ஒல்லியான ஆள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். பஸ்ஸில் ஏறினால் வாசல் பக்கத்து சீட்டில்தான் உட்காருவான். கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி இலையில் உட்காருவான். சின்ன வயதில் அப்பன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். என் தங்கை வேலுத்தாய் பட்டாசு வேலைக்குப் போய் அவனை விருதுநகர்க் காலேஜில் ரசாயனம் படிக்க வைத்தாள். அதற்கு மேல் தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று ஒரு வருஷப் படிப்பு. அதற்கு வழி செய்தவன் நான் என்பதை யாரும் மறுக்க முடியாது.

படிப்பு முடிந்து மூன்று வருஷம் என் கம்பெனியில் இருந்தான். இரண்டாயிரத்து நாலு வைகாசியில் ஒரு மத்தியானம் பட்டாசு காயப்போடும் மேடையில் தீப்பிடித்தது. அங்கே நின்றுகொண்டிருந்த பாண்டிராஜ் தண்ணீர் குடிக்கப் பதினைந்து எட்டு நடந்திருந்தான். அவ்வளவுதான் இடைவெளி. யாருக்கும் காயமில்லை. நான் வந்து பார்த்துவிட்டு, "ஆளுக்குச் சேதமில்லேல்ல, பொழப்பைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அடுத்த வருஷம் அவன் துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை வாங்கிப் போனான். என் மருமகன் அரபு நாட்டில் ஆபீசர் என்று நான் சொல்லாத டீக்கடை இந்த வட்டாரத்தில் கிடையாது.

இரண்டாயிரத்து எட்டு கடைசியில் துபாயில் கட்டட வேலையெல்லாம் நின்றது. ஆகாயத்துக்குப் போன கட்டடங்கள் பாதியிலே நிற்கின்றன என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். தை மாதம் பாண்டிராஜின் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். விசாவை ரத்து செய்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அவனே போன் பண்ணினான்.

"மாமா, பழைய கம்பெனில போனை எடுக்கக்கூட ஆளு இல்ல. அதனால நான் முன்னாடி வேலை பார்த்த இடம்னு உங்க நம்பரைக் குடுத்திருக்கேன். யாராச்சும் கூப்பிட்டு என்னையப் பத்திக் கேப்பாங்க. கொஞ்சம் நல்லபடியாச் சொல்லுங்க."

"ஏலே, இதுக்கெல்லாம் எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்? நான் பேசிக்கிடுதேன், போ."

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வருகிறவனைப் பற்றி இங்கே யாரும் யாரிடமும் விசாரிப்பதில்லை. கையைப் பார்ப்போம், ஒரு வாரம் வேலை வாங்கிப் பார்ப்போம், முடிந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, பையன் எப்படி, குணம் எப்படி, எத்தனை வருஷமாகத் தெரியும், ஏன் அங்கிருந்து போனான் என்று கேட்டால் அது மாப்பிள்ளை விசாரணை. அதற்குப் பதில் சொல்கிற முறையே தனி. பையனுக்கு யாருடைய தயவும் தேவையில்லை என்று எதிராளிக்கு உறைக்கிற மாதிரி சொல்ல வேண்டும். அந்த வகையில் நான் பதினேழு கல்யாணம் முடித்து வைத்தவன். ஒன்றுகூடத் தட்டிப் போனதில்லை.

முதல் போன் வந்தது. தமிழ் பேசுகிற ஆள்தான். வேலைக்குத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேள்வியெல்லாம் அதே கேள்வி. வாய் பழகிய வழியிலேயே போய்விட்டது.

"பாண்டிராஜ் உங்ககிட்ட என்ன வேலையில இருந்தார் சார்?"

"வேலையா? அவன் எனக்கு வேலைக்காரன் இல்ல சார், தங்கச்சி மகன். இருபத்திரண்டு ரூமும் அவன் கைக்குள்ள. நானே உள்ள போனாலும் எந்திரிக்க மாட்டான், அம்புட்டு உரிமை."

"ஏன் விலகினார்?"

"விலகவா? சும்மா நாலு ஊரு பாக்கப் போயிருக்கான் சார். எனக்கு ஆம்பளப் பிள்ளை கிடையாது, ஒத்தை மகதான். இந்தக் கம்பெனி அவனுக்குத்தான். ஒருத்தன் முன்னால கைகட்டி நின்னு சம்பளம் வாங்கணும்னு அவனுக்கு என்ன தலையெழுத்து?"

"அப்போ ஊருக்குத் திரும்பிருவாரா?"

"இந்தத் தீபாவளி சீசனுக்கே வரச் சொல்லியிருக்கேன்."

அந்த ஆள் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் ஆபீசில் இருந்தவர்களைப் பார்த்து, "துபாய்க்காரனே வாயடைச்சுப் போயிட்டான் பாத்தீகளா" என்றேன். பத்து நாளில் இன்னும் இரண்டு போன் வந்தது. இரண்டாவது ஆளிடம் கார் வாங்கித் தரப்போவதாகவும் சேர்த்துச் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் வீட்டு மாடியைக்கூடக் கட்டி முடித்துவிட்டேன்.

மாசி மாதம் சாபிர் வந்தான். விருதுநகரில் வத்தல் வியாபாரம் செய்கிற ஜமால் முகம்மதுவின் மகன். துபாயில் பாண்டிராஜோடு ஒரே அறையில் மேல்கட்டில், கீழ்க்கட்டிலில் இருப்பவன். தங்கச்சி கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தான். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டும் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போய்க் கிடந்தது.

"மாமா, பாண்டி ஆளு சரியில்ல. தூங்குறதே இல்ல. இன்டர்வியூன்னா முதல்ல பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுக்கான், அப்புறம் முகத்தைக் கழுவிட்டுப் போறான். புது வருஷத்துக்கு நீங்க அனுப்பின கம்பெனி டைரி இருக்குல்ல, அதுல தேதி போட்டு வேண்டாம்னு சொன்ன கம்பெனி பேரையெல்லாம் எழுதுறான். முப்பத்தெட்டு ஆச்சு. கதவை யாராச்சும் பட்டுனு சாத்துனா கட்டில்ல இருந்து துள்ளி விழுறான். இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

"ஒண்ணுமே அமையலியா?"

"அதுதான் மாமா புரியல. மூணு இடத்துல நேரா உக்கார வச்சுப் பேசி, கையைப் புடிச்சுக் குலுக்கி, எல்லாம் சரின்னுட்டாங்க. ஊர்ல ஒருத்தரைக் கேக்கணும், அது மட்டும்தான் பாக்கின்னாங்க. மறுநாளே வேண்டாம்னு மெயில் வருது. மூணுலயும் அப்படித்தான். அவங்க உங்ககிட்டதான கேட்டாங்க? என்ன கேட்டாங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இருபத்திரண்டு ரூம், கார், மாடி, தீபாவளி சீசன். சொல்லச் சொல்ல அந்தப் பையன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"அல்லாவே" என்றான். "மாமா, பொண்ணு குடுக்கவா கேட்டாங்க? ஆறு மாசத்துல ஓடிப் போற ஆளுக்கு எவன் மாமா விசா போடுவான்?"

பதினேழு கல்யாணம் முடித்த வாய். ஒரு பிள்ளையின் பிழைப்பை மூன்று முறை அதே வாய்தான் கெடுத்திருக்கிறது.

சாபிர் போனதும் நேரே வேலுத்தாய் வீட்டுக்குப் போனேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை. "வேலை கிடைக்கலன்னா வரட்டும் தாயி. போர்மேன் போன மாசம் நின்னுட்டாரு. இங்கன ராஜா மாதிரி இருக்கலாம்" என்றேன்.

சுளகைக் கீழே வைத்தாள். "அண்ணே, அவன் சம்பளத்துக்கா துபாய் போனான்னு நினைச்சீக? பயந்து போனான். அந்த மேடை எரிஞ்சதுல இருந்து ஒரு வருஷம் நாள்தோறும் வேன்ல ஏறும்போது என் பிள்ளைக்குக் கால் நடுங்கும். உங்ககிட்ட சொன்னா சிரிப்பீகன்னு சொல்லல. அங்க வேலை கிடைக்கணும்னு அவன் சாமி கும்புடுறது எதுக்குன்னு நினைக்கீக? இங்கன திரும்பி வந்துறக் கூடாதுன்னுதான்."

அன்றைக்கே அவனுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எண்ணை அழுத்துவேன், மணி அடிக்கும் முன்னால் வைத்துவிடுவேன். பதினோரு நாளும் அப்படியே போய்விட்டது.

விருதுநகர் ஸ்டேஷனில் பாண்டிராஜ் ரயிலிலிருந்து இறங்கினான். ஒரே ஒரு பை. துபாயில் சைட்டில் போட்டிருந்த கனமான பூட்ஸை அதன் கயிற்றால் முடிந்து தோளில் போட்டிருந்தான். "நல்லாருக்கீகளா மாமா" என்று கேட்டான். கண் ரெண்டும் குழிக்குள் இருந்தது. சுற்று வட்டாரத்து மில்லுகளுக்கெல்லாம் மனுப் போட்டான். எங்கேயும் ஆள் எடுக்கவில்லை. பங்குனி பிறந்ததும், எல்லாம் தெரிந்த நானே போய்க் கூப்பிட்டேன். பத்து நாள் நின்றால் பயம் தானாகக் கழன்று விழும் என்று நினைத்தேன். வேலுத்தாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வேனில் ஏறினான்.

மருந்து வேலையில் பூட்ஸ் ஆகாது, வெறுங்கால்தான். உடம்பிலிருந்து பொறி பறக்காமல் இருக்க ஒவ்வொரு அறை வாசலிலும் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். அவன் கால் நனைக்கும்போது பக்கெட் தண்ணீர் தளும்புகிறதை நான் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் விடமாட்டான். மருந்துச் சட்டியில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பான். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை எல்லோரையும் வெளியே விரட்டினான். இரண்டும் வெறும் சந்தேகம், ஒரு தடவை யார் வீட்டு அடுப்புப் புகையோ. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வைகாசியில் ஒரு நாள் முன்னிரவில் கோடைமழை பெய்தது. மறுநாள் பதினோரு மணிக்குப் பதினாலாம் அறைப் பக்கம் சத்தம் கேட்டது. "வெளிய வாங்க! எல்லாத்தையும் போட்டுட்டு வாங்க! பக்கத்து ரூமும் வாங்க!" பாண்டிராஜ்தான். நான் போவதற்குள் முப்பது நாற்பது பேர் வேப்ப மரத்தடியில் நின்றார்கள். அவன் அறை வாசலில் நின்று தலையை எண்ணிக்கொண்டிருந்தான். வேட்டி காற்றே இல்லாமல் ஆடியது. கால் அப்படி நடுங்கியது. கடைசிப் பெண் தாண்டும்வரை அந்த இடத்தை விட்டு அவன் அசையவில்லை.

எங்களிடம் பதினெட்டு வருஷமாக இருக்கிற வெள்ளைத்தாய் கையெல்லாம் அலுமினியப் பவுடர் மின்ன இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏன் தம்பி, துபாய் வெயிலு மூளைக்குள்ள ஏறிருச்சா? இன்னைக்கு யாரு வீட்டு அடுப்பு வாடை?"

கூட்டம் சிரித்தது. "அக்கா, மூத்திர வாடை அடிக்கு. ஆட்டுக் கொட்டகை மாதிரி. மருந்து ஈரத்தைக் குடிச்சிருக்கு. யாரும் கிட்டப் போகாதீக" என்றான்.

எனக்கு ஆத்திரம். சீசன் நேரம். லோடு ஏற்ற லாரி நிற்கிறது. "தள்ளுலே. நாப்பது வருஷம் மருந்துல புரண்டவன் நான். நான் பாக்காத வாடையா?" என்று சொல்லிவிட்டு, அவன் கையை உதறிவிட்டு உள்ளே போனேன்.

நாலு எட்டு. குனிந்தேன். மூக்கில் சுளீரென்று ஏறியது. ஆட்டு மூத்திர வாடையேதான். பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில் புறங்கையை வைத்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய இட்லிச் சட்டி போலச் சுட்டது. யாரும் தீ வைக்கவில்லை, வெயில் படவில்லை. மருந்து தானாக உள்ளுக்குள் சூடேறிக்கொண்டிருந்தது.

வாசல் நாலு எட்டில் இருக்கிறது. அது வத்திராயிருப்பு தூரத்துக்குப் போய்விட்டது. ஓடினால் வெளியே நிற்கிற நாற்பது பேரும் பார்ப்பார்கள். அந்த நேரத்திலும் எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது, எழுதக் கூச்சமாக இருக்கிறது. முதுகுப் பக்கம் முழுவதும் தீயைப் போர்த்திக்கொண்ட மாதிரி மெல்ல நடந்து வந்தேன். வாசலைத் தாண்டியதும் பாண்டிராஜ் என் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு ஓடினான். நானும் ஓடினேன். வேட்டி அவிழ அவிழ ஓடினேன். யாரும் சிரிக்கவில்லை.

அரைமணி நேரம் மரத்தடியில் நின்றோம். பதினாலாம் அறை ஜன்னலிலிருந்து வெள்ளையாக ஒரு புகை வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சத்தம் இல்லை, தீ இல்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் தாம்பாளத்தில் மருந்து கறுத்துக் கட்டியாகிக் கிடந்தது. அந்த ஜன்னல் பக்கத்துத் திண்டில்தான் எப்போதும் வெள்ளைத்தாய் உட்காருவாள். அவள் அதைப் பார்த்துவிட்டுப் பாண்டிராஜின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புத்தான். ஒரு வருஷம் இந்தப் பிள்ளை தினமும் இப்படித்தான் வேனில் ஏறினானா? அந்த மேடையைப் பார்த்துவிட்டு நான் பொழப்பைப் பாருங்க என்றுவிட்டுப் போனேனே?

நாலாம் நாள் ஆபீசில் போன் அடித்தது. ஒரு பெண் தமிழில் பேசினாள். தோஹாவில் ஒரு கம்பெனி. பாண்டிராஜ் மாசியில் மனுப் போட்டிருந்தானாம், போன வாரம் போனிலேயே பேசி முடித்தார்களாம், இப்போது ஒரு விசாரணை மட்டும் பாக்கி. நாலாவது முறை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அவர் உங்க கம்பெனியில என்னவா இருந்தார் சார்?"

"வேலைக்காரனா இருந்தான்மா. இப்பவும் வேலைக்காரன்தான். கம்பெனியில அவனுக்குப் பங்கு கிடையாது. அது என் மகளுக்கு." அறுபத்திரண்டு வருஷத்தில் என் வீட்டுப் பிள்ளையை நானே தாழ்த்திப் பேசியது அன்றைக்குத்தான்.

"திரும்பி வந்துருவாரா?"

"வர மாட்டான்மா. இந்த வேலையைக் கண்டா அவனுக்குப் பயம்."

கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. "அம்மா, அவன் பயந்தாங்கொள்ளி. ரெண்டு தரம் சும்மாவே ஆளை வெரட்டினான். மூணாந்தரம் வெரட்டுனதுல நாலு பொம்பளைங்க உசுரோட இருக்காங்க, நானும் இருக்கேன். கால் நடுங்கிக்கிட்டே வாசல்ல நின்னு கடைசி ஆளு வரைக்கும் எண்ணினான். உங்களுக்கு எப்படி ஆளு வேணும்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன்."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள். நல்லதா கெட்டதா என்று குரலில் ஒன்றும் தெரியவில்லை.

பாண்டிராஜை மருந்து அறைகளுக்கு இந்தப் பக்கம் புங்க மரத்தடிக்குக் கூப்பிட்டேன்.

"ஏலே, தோஹாவுல இருந்து போன் வந்துச்சு. நீ பயந்தவன்னு சொல்லிட்டேன்."

நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னொண்ணு. அந்த மூணு கம்பெனியும் உன்னைய வேண்டாம்னது என்னாலதான். நான்தான் கார், மாடின்னு அளந்து விட்டேன்."

"தெரியும் மாமா. சாபிர் அன்னைக்கே சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா திரும்ப என் நம்பரைக் குடுத்தே?"

"வேற நம்பர் எனக்கு ஏது மாமா?"

"கேட்டிருக்கலாம்லடா. கூப்பிட்டு நாலு வார்த்தை வைஞ்சிருக்கலாம்ல."

"கேட்டா நீங்க கோவத்துல ஏரோப்பிளேனும் வாங்கித் தாரேன்னு அடுத்த ஆளுகிட்ட சொல்லிருவீகளோன்னு பயம்" என்றான். துபாயிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்தபடியே மரத்தடியில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. நான் பக்கத்தில் நின்றேன். தொடலாமா என்று தெரியவில்லை.

பதின்மூன்று நாள் ஒரு செய்தியும் இல்லை. அந்தப் பதின்மூன்று நாளும் அவனை மருந்துப் பக்கம் விடவில்லை, பேக்கிங்கில் உட்கார வைத்தேன். போன் அடித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்போம். பதினாலாம் நாள் வேலை ஆணை வந்தது. முன்பு பார்த்ததைவிடச் சின்ன வேலை, சைட்டில் பாதுகாப்பு உதவியாளர். வேலுத்தாய் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆடி பிறக்கும் முன் அதே பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினான். இன்றுவரை அங்கேதான் இருக்கிறான்.

அவன் போன மறுநாள் காலையில் வேன் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். புதுப் போர்மேன் வந்திருந்தார். நான் அவரை நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பக்கெட்டில் காலை நனைத்தேன். தண்ணீர் தளும்பியது. முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை, ஒவ்வொரு சட்டியிலும் மூக்கை வைத்து மோந்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விட்டேன். இப்போதும் அப்படித்தான். "மூக்கு மொதலாளி வந்துட்டாரு, வழி விடுங்கடி" என்று வெள்ளைத்தாய் என் காதுபடவே சொல்கிறாள். சொல்லட்டும். கால் நடுங்குகிறது, மறைப்பதில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் தேடிப் பாருங்கள், என்னைவிடப் பயந்த முதலாளி ஒருவன் கிடைக்க மாட்டான்.